‘சீசன் ஸீரோ’ என்று ஒன்று கிடையாது

2022 ஜூலையில் கசுகி தகாஹாஷி இறந்த செய்தி வந்த இரவு, எங்கள் வாட்ஸாப் குழுவில் கார்டுகளாக வந்து விழுந்தன. நீலக்கண் வெள்ளை டிராகன், டார்க் மெஜிஷியன், எக்ஸோடியாவின் ஐந்து துண்டுகள். ‘யூகி-ஓ!’ படைத்தவருக்கு அஞ்சலி என்றால் அதுதானே. நானும் ஒரு படம் போட்டேன், 1998இல் வந்த முதல் அனிமேயிலிருந்து. அதில் கைபாவுக்குப் பச்சை முடி.

“என்னடா இது, யாரோ ரசிகன் வரைஞ்சதா?” என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் விளக்கம் கொடுத்தான்: “இல்லலா, அது சீசன் ஸீரோ. ஓடாத வெர்ஷன்.”

அந்த ‘ஸீரோ’ மீது எனக்குக் கோபம். அன்றைக்கு மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது பேசுகிறேன்.

தோயேய் நிறுவனம் தயாரித்த அந்தத் தொடர் 1998 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை டிவி அசாஹியில் ஓடியது. 27 பகுதிகள். யூகிக்குக் குரல் கொடுத்தவர் மெகுமி ஒகாதா, எவாங்கேலியனில் ஷிஞ்சியாகப் பேசிய அதே ஆள். 1999இல் அரைமணி நேரப் படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான். 2000 ஏப்ரலில் டிவி டோக்கியோவில் தொடங்கி 224 பகுதிகள் ஓடிய ‘டூவல் மான்ஸ்டர்ஸ்’ வேறு நிறுவனத்தின் தயாரிப்பு. வேறு குரல்கள், வேறு முகங்கள். முன்னதன் தொடர்ச்சியே இல்லை. பிறகு முதலில் வந்ததற்கு ஏன் பூஜ்ஜியம்? எந்தத் தயாரிப்பாளரும் வைத்த பெயர் இல்லை இது. ரசிகர்களாகிய நாமே வைத்தது. கார்டு விற்ற நாளிலிருந்து கதையை எண்ண ஆரம்பித்தால் அதற்கு முன்னால் உள்ளது பூஜ்ஜியமாகத்தான் தெரியும்.

1996இல் ஷோனென் ஜம்ப் வார இதழில் மங்கா தொடங்கியபோது கார்டு அதில் இருந்த பல விளையாட்டுகளில் ஒன்று. யோ-யோ இருந்தது, கைக்குள் வளர்க்கும் டிஜிட்டல் பிராணி இருந்தது, பகடை இருந்தது. கார்டு அத்தியாயத்துக்கு வாசகர் கடிதங்கள் குவிந்ததால்தான் தகாஹாஷி அந்தப் பக்கம் திரும்பினார். அது அவர் உரிமை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 2000 தொடர் முதல் பகுதியிலேயே கைபாவோடு கார்டு மோதலில் தொடங்குகிறது. மங்காவின் முதல் ஏழு தொகுதிகள், 59 அத்தியாயங்கள், ஏறக்குறைய மொத்தமாகக் காணாமல் போயின.

காணாமல் போனவை எவை என்று பாருங்கள். முதல் அத்தியாயத்தில் உஷியோ என்றொரு மாணவர் கண்காணிப்பாளன் வருகிறான். யூகியைச் சீண்டும் இரண்டு பேரை யூகி கேட்காமலேயே அடித்துத் துவைக்கிறான். பிறகு ‘பாதுகாப்புக்குக்’ கூலி கேட்கிறான், இரண்டு லட்சம் யென். அன்றிரவு யூகிக்குள்ளிருந்து இன்னொருவன் எழுந்து உஷியோவை விளையாட அழைக்கிறான். கையின் மேல் பணக்கட்டை வைத்துக் கத்தியால் குத்தி எடுக்க வேண்டும். பேராசை கூடினால் குத்து கையில் இறங்கும். உஷியோ விதியை மீறுகிறான். மறுநாள் காலை சருகையும் குப்பையையும் பணம் என்று நினைத்து அள்ளிக்கொண்டு கிடக்கிறான்.

எனக்கு உஷியோவைத் தெரியும். படிவம் 2 படிக்கும்போது என்னைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஒரு சீனியர், ஓய்வு நேரக் காசில் தினமும் ஒரு ரிங்கிட் வாங்கிக்கொண்டான். பசார் மாலாமில் வாங்கிய என் போலிக் கார்டுகளும் ஒவ்வொன்றாக அவன் பைக்குள் போயின. வீட்டில் சொன்னேன். “பொறுத்துப் போ, பெரிய பையன்கூட எதுக்கு வம்பு” என்றார்கள். அந்த வயதில் நான் பார்த்த யூகி-ஓவில் தோற்றவன் கார்டை இழப்பான், வில்லன்கூடக் கடைசியில் நண்பனாவான். ஆங்கிலத்தில் அதை வெளியிட்ட ஃபோர் கிட்ஸ், துப்பாக்கிகளை அழித்துவிட்டு வெறும் விரலை நீட்டி மிரட்டும் அடியாட்களைக் காட்டியது. என் பையில் கைவிட்டவன் கை மட்டும் அழியவில்லை.

1998 தொடரைப் பார்த்தது பல்கலைக்கழக விடுதியில், யாரோ ஒரு ரசிகர் போட்ட சப்டைட்டிலோடு. ‘இருள் விளையாட்டு’ என்று யூகியின் குரல் மாறியதும் என் உடம்பு சிலிர்த்தது. ஒருவன் தண்டிக்கப்படுவதைப் பார்த்து நான் சிரித்தேன். சத்தமாக. அறை நண்பன் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு நின்ற பிறகுதான் எனக்கே கூசியது. எவ்வளவு காலமாக இது எனக்குள் உட்கார்ந்திருந்தது? 224 பகுதிகளில் ஒன்றுகூட என்னை இப்படிக் கேட்டதில்லை.

“வாரம் ஒரு வில்லன், வாரம் ஒரு தண்டனை, இதுல என்ன பெரிய ஆழம்?” என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், கதை அச்சில் வார்த்த மாதிரிதான் போகும். மங்காவில் ஓர் அத்தியாயத்துக்கு வந்துபோகும் மிஹோவைத் தோயேய் நிரந்தரப் பாத்திரமாக்கியது. அவள் வரும் காட்சிகள் பலவற்றில் எனக்குப் பொறுமை போய்விடும். மங்காவின் கூர்முனைகள் சிலவற்றைத் தோயேயும் மழுக்கியது. அதனால்தான் மங்காவையும் சேர்த்தே படியுங்கள் என்கிறேன். தண்டனையைவிட இருட்டான இடம் அங்கேதான் இருக்கிறது. இன்னொருவன் எழும்போது தான் என்ன செய்தோம் என்பது யூகிக்கு நினைவில் இருக்காது. தனக்குள் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால் நண்பர்கள் விலகிவிடுவார்களோ என்று பயந்து மறைக்கிறான். பிறகு அழுதுகொண்டே அவர்களிடம் சொல்கிறான். எட்டு வருடம் உட்கார்ந்து புதிரைச் சேர்த்தவன் கேட்ட வரமே நண்பர்கள்தான். அதைத் தந்த புதிருக்குள்தான் அந்த இன்னொருவனும் இருக்கிறான். அடி வாங்கிய பையனின் கோபத்தை நியாயப்படுத்தவும் செய்து, அதைப் பார்த்து அவனையே நடுங்கவும் வைக்கிற கதை இது. கார்டின் விதிகளுக்குள் வந்ததும் அந்த நடுக்கத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

‘பொம்மைப் படத்துக்கு இவ்வளவு பேச்சா’ என்று கேட்கும் இலக்கிய நண்பர்களோடு வேறொரு நாள் சண்டை போடுகிறேன். இன்றைய சண்டை என் ஆட்களோடு. அந்தத் தொடர் ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வரவே இல்லை, சரி. நிறுவனங்கள் மறப்பதற்குக் காரணம் உண்டு. அந்த 27 பகுதிகளை வைத்துப் புதுக் கார்டு விற்க முடியாது. நீங்கள் ஏன் அவர்களுக்காகச் சம்பளம் இல்லாமல் மறக்கிறீர்கள்?

27 பகுதிகளும் என் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. ‘சீசன் ஸீரோ இருக்கா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ‘1998 யூகி-ஓ’ என்று கேளுங்கள், தருகிறேன்.