கைதட்டலை விட மண் விளையாட்டு பெரிசு!

மதுரை. சின்னப் பெண் ஒருத்தி மண்ணில் விளையாடிக்கொண்டிருக்கிறாள். யாரோ வந்து தூக்கி, கையையும் பாவாடையையும் தட்டிவிட்டு, பக்கத்திலிருந்த சேதுபதி பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள். 1904-ல் பாரதியார் தமிழாசிரியராக இருந்த அதே பள்ளி. அங்கே அம்மா சண்முகவடிவு வீணை வாசித்துக்கொண்டிருக்கிறார். அம்மா சொன்னதும் மகள் ஒன்றிரண்டு பாட்டுப் பாடுகிறாள். கேட்டவர்கள் நூறு பேருக்குள்தான்.

அந்தக் குழந்தை, 1916-ல் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி. கைதட்டல் அன்று மனதில் பதியவே இல்லை, மண் விளையாட்டுக்குத் திரும்புவதே நினைப்பாக இருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் குரல்தான் 1966-ல் ஐ.நா. சபையில் ஒலித்தது. 1998-ல் அவருக்கு பாரத ரத்னா கிடைத்தது.

ராயக்கோட்டை, ஓசூர் பக்கம் பள்ளி ஆண்டு விழா என்றால், ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு ஓடி வரும் அப்பாக்கள் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுப் பாடும் குட்டிகளும் உண்டு. நடுவில் வரி மறந்தால்? அழுதுவிட்டால்?

எல்லாக் குழந்தையும் எம்.எஸ். ஆக வேண்டியதில்லை. அன்று அந்தக் குழந்தை பாடியபோது அம்மா பக்கத்திலேயே இருந்தார். எனவே, நீங்கள் எங்கே உட்காருவீர்கள் என்பதைக் குழந்தைக்கு முன்பே காட்டிவிடுங்கள். செல்போனைச் சற்று இறக்குங்கள். உங்கள் முகம் தெரியட்டும். இறங்கி வந்ததும் ‘ஏன் மறந்தே?’ என்று கேட்காமல், தண்ணீர் கொடுத்து விளையாட அனுப்புங்கள். அடுத்த வருஷம் குழந்தை தானாகவே பெயர் கொடுக்கும்!