மைக் கட்டி ஊருக்குச் சொன்னோம், மகளுக்குச் சொன்னோமா?

எங்கள் மதுரைப் பக்கம் ஒரு பெண் பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் ஊரே திருவிழாதான். முச்சந்தியில் பிளெக்ஸ் போர்டு, மைக் செட், கொட்டு மேளத்தோடு தாய்மாமன் சீர்த்தட்டு, மொய் எழுத இரண்டு நோட்டு. உசிலம்பட்டி, மேலூர், எங்கே போனாலும் இதே கதைதான். சடங்கு வைப்பது தப்பென்று சொல்ல வரவில்லை. நானும் என் மகளுக்கு வைத்தவள்தான் (செய்த மொய்யை வேறு எப்படித் திரும்ப வாங்குவதாம்!). ஆனால் ஊருக்கே மைக்கில் சொன்ன சேதிக்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து சொன்னோமா? "இனிமே ஆம்பளைப் பசங்ககூடப் பேசாதே." அதோடு சரி.

எங்கள் உறவில் ஒரு பிள்ளை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஒரு பையனோடு பேசினாள் என்று தெரிந்ததும் பதறிப்போய், 16 வயசிலேயே சொந்தத்தில் ஒருவனுக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டி வைத்துவிட்டார்கள். "மானம் போகாமக் காப்பாத்திட்டோம் மதினி" என்றாள் அவள் தாய். அந்தப் பந்தியில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். 1098-க்கு போன் செய்யலாம் என்று தெரியும். உறவு விட்டுப் போகுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

நாலே மாதத்தில் உண்டாகிவிட்டாள். அப்புறம்தான் எல்லாருக்கும் பயம் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வயசு கேட்பார்கள், 18 ஆகவில்லை என்றால் போலீசுக்குப் போகும். ஏழு மாதம் வரை நர்சம்மா கண்ணில் காட்டாமல் ஒளித்து வைத்தார்கள். கால் வீங்கி, பிரஷர் ஏறி, மயங்கி விழுந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு உயிரும் பிழைத்தது பெரிய காரியம். குழந்தை ஒன்றே முக்கால் கிலோ.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 20-24 வயசுப் பெண்களில் 100-க்குச் சுமார் 13 பேருக்கு 18-க்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. 15-19 வயசில் 100-க்கு 6 பேர் தாயாகவோ கர்ப்பமாகவோ இருந்தார்கள். பெண்ணுக்கு 18 என்று சட்டம் வந்தது 1978-ல்!

2012-ல் வந்த போக்சோ சட்டம் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான். தாலி கட்டியிருந்தாலும் 18-க்குள் உறவு கொண்டால் குற்றமே என்று 2017-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பயத்தில் பெரியவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பிள்ளையை வைத்தியத்துக்கே விடாமல் பூட்டி வைத்தால் யாருக்கு லாபம்? கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தகவல் தரும் டாக்டர் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-ல் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொன்றும் மனசை உறுத்துகிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி 18,000 ரூபாய், 19 வயசு ஆகாதவளுக்குக் கிடையாது. கொடுத்தால் இளவயசுக் கல்யாணத்துக்குத் துணை போனது போலாகும் என்பது நியாயம்தான். ஆனால் சத்துக் குறைந்து கிடப்பவள் அவள்தானே? 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு. நல்ல திட்டம். பத்தாவதோடு நின்று மில்லுக்கும் களையெடுக்கவும் போகிறவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பள்ளிக்கூடத்தில் சொல்கிற பாடமும் அவளுக்கு எட்டாது. அவளுக்கு நம் தெருவில்தான் சொல்லித் தரணும்.

எங்கள் மகளிர் குழு ஞாயிற்றுக்கிழமை தவணை கட்டக் கூடும். போன மாதம் நர்சம்மாவை அரை மணி நேரம் பேசச் சொல்லி, பெண் பிள்ளைகளையும் வரவழைத்தோம். "இதையெல்லாம் பிள்ளைக முன்னாடியா பேசுறது?" என்று இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மாதவிலக்கில் ஆரம்பித்து, கரு எப்படித் தங்குகிறது என்பது வரை நர்சம்மா படம் போட்டு விளக்கினார். கடைசியில் ஒன்பதாவது படிக்கிற ஒருத்தி, "இதைச் சடங்கன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். பையன்களுக்கும் யாராவது சொல்ல வேண்டாமா என்று இன்னொருத்தி கேட்டாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு அந்த உறவுக்காரப் பிள்ளையையும் கைக்குழந்தையோடு வரச் சொல்லியிருக்கிறேன். அவள் மாமியார் அனுப்பணும்.

— ஒரு வாசகி, திருமங்கலம்