பூட்டிய பீரோவுக்குள் நூலகம்!

உங்கள் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியில் நூலகம் இருக்கிறதா? "இருக்கிறதே" என்பார் தலைமையாசிரியர். எங்கே? அவர் அறையில், பூட்டிய பீரோவுக்குள்!

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். முதல் விதியே, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அவர் பிறந்த மண்ணிலேயே புத்தகங்களுக்குச் சிறைவாசம்!

ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நூலகர் இல்லாத பள்ளியில் இந்தப் பொறுப்பும் கணக்கு வாத்தியார் தலையில்தான். ஒரு புத்தகம் தொலைந்தால் தம் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்று பயந்தே பூட்டி வைக்கிறார். தொலைந்ததையும் கிழிந்ததையும் கணக்கிலிருந்து நீக்க எளிய வழி செய்து கொடுத்தால் பாதி பீரோக்கள் திறந்துவிடும். (கரையான் தின்றால் மட்டும் யாரும் கேட்பதில்லை!)

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளிகளில் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட நூலகம் இருந்தாக வேண்டும் என்கிறது. இது சலுகையல்ல, உரிமை. அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான்.

பெற்றோரே, அடுத்த கூட்டத்துக்கு அவசியம் போங்கள். குடிநீர், கழிப்பறை பற்றிக் கேட்கும்போதே புத்தகம் கொடுத்து வாங்கும் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைசியாக எந்தத் தேதியில் ஒரு பிள்ளை புத்தகம் எடுத்துச் சென்றிருக்கிறது?