அடுத்த கோபுரம் வரை

"கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளை பெற்றவள் இருபது கிலோ மீட்டர் சைக்கிள் விடுவதாவது!" என்று நீங்கள் முகவாயில் கை வைப்பது எனக்குத் தெரிகிறது. நானும் முதலில் அப்படித்தான் கை வைத்தேன். யோசனை என்னுடையது அல்ல, என் மாப்பிள்ளையுடையது.

என் மகள் இருப்பது பிரான்ஸ் தேசத்தில், தூர் நகரத்துக்குக் கிழக்கே பிளெரே என்ற சிற்றூரில். ஷேர் நதிக்கரை ஊர். நான் போய்ச் சேர்ந்தபோது பேத்திக்கு ஐந்து மாதம். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. பெண்தான் வாடிப் போயிருந்தாள். கல்லூரிக்கு நித்தம் சைக்கிளில் பறந்தவள், பிரசவத்துக்குப் பிறகு தனியாக வாசல்படி தாண்டவில்லையாம். கொட்டகையில் அவள் சைக்கிள் ஒட்டடை பிடித்துக் கிடந்தது. ஏதாவது கேட்டால், "என்னாலே எதுவும் முடியாதும்மா" என்பாள், கண் கலங்கிவிடும்.

அந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பிரசவத்தில் தளர்ந்துபோன இடுப்படித் தசைகள் மறுபடி வலுப் பெறுவதற்கு, மருத்துவச்சியிடமோ பிஸியோதெரபிஸ்டிடமோ பயிற்சி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுக்கிறார்கள். அரசாங்க மருத்துவக் காப்பீடே செலவை ஏற்றுக்கொள்கிறது. என் பெண் அதையெல்லாம் முடித்துவிட்டாள். டாக்டரும் பார்த்து, "தாராளமாகச் சைக்கிள் விடலாம்" என்று சொல்லிவிட்டார். உடம்பு தேறிவிட்டது. மனசுதான் கிளம்ப மறுத்தது.

"அத்தை, நீங்களும் கூடப் போங்கள். குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் மாப்பிள்ளை. எனக்கு ஒரு பாட்டரி சைக்கிளை வாடகைக்கு எடுத்தும் வந்துவிட்டார். அப்புறம் நான் என்ன சொல்ல?

காலை ஒன்பது மணிக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, ஒரு புட்டி பால் எடுத்தும் வைத்துவிட்டுக் கிளம்பினோம். முதல் நிறுத்தம் ஊர் மாதா கோயில். அது புனித கிறிஸ்டோபர் பெயரால் அமைந்தது. யாத்திரை போகிறவர்களுக்கு அவர் காவல் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தாராம். நடு ஆற்றில் குழந்தை கனக்கக் கனக்க, தடுமாறித்தான் கரை சேர்ந்தாராம். குழந்தை இயேசுவே அது என்று கதை. என் பெண் கேட்டுவிட்டு, "கனக்கத்தாம்மா செய்யும்" என்றாள். சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா, தெரியவில்லை.

பாலம் தாண்டி வடகரை. சிவ்ரே வழியாக ஷெனொன்சோ. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. எனக்கோ கை தானாக இடப்பக்கம் திருப்புகிறது! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டிப் போகும் கார், ஒன்றரை மீட்டராவது விலகிப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த ஒன்றரை மீட்டரில் பாதி பயம் போய்விடுகிறது.

சிவ்ரேக்குப் பாதி வழியில் என் பெண் காலை ஊன்றி நின்றுவிட்டாள். "திரும்பிடலாம்மா. அது அழுமோ என்னமோ."

நான் தூரத்தில் தெரிந்த கோபுரத்தைக் காட்டினேன். "அந்தச் சர்ச் வரைக்கும் போகலாம்டீ. அங்கே போய் யோசிக்கலாம்."

இந்தப் பக்கத்துக் கிராமங்களின் அழகே அதுதான். மூன்று நான்கு கிலோ மீட்டருக்கு ஒரு கிராமம், கிராமத்துக்கு ஒரு மாதா கோயில். தூரேன் பகுதியில் தோண்டுகிற கல், வெண்ணெய் நிறத்துச் சுண்ணாம்புக் கல். வெட்டும்போது மிருது, காற்றுப்பட்டால் இறுகிவிடும். குடிசையோ கோட்டையோ கோயிலோ, எல்லாம் அதே கல்தான். 1905-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு கட்டிய இந்தக் கிராமத்துச் சர்ச்சுகள் பெரும்பாலும் அந்தந்த ஊராட்சிக்கே சொந்தம். கூரை ஒழுகினால் ஊர்க்காரர்கள்தான் கவலைப்பட வேண்டும்! ஒரு பாதிரியார் பல ஊர்களைப் பார்த்துக்கொள்கிறார். அதனால் பல நாள் கதவு பூட்டியிருக்கும். பரவாயில்லை, வாசல் படியில் உட்கார யார் தடுக்கப் போகிறார்கள்?

சிவ்ரேயில் அப்படித்தான் உட்கார்ந்தோம். தண்ணீர் குடித்தோம். அடுத்த கோபுரம் வரை போகலாம் என்றேன். போனோம்.

ஷெனொன்சோ கோட்டையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆற்றின் குறுக்கே பாலமாகவே நிற்கிற மாளிகை. இதற்குப் 'பெண்களின் கோட்டை' என்று பெயர். 1513 முதல் 1521 வரை கட்டியபோது சொந்தக்காரர் தாமஸ் போயே இத்தாலி யுத்தத்துக்குப் போய்விட்டார். கட்டட வேலையைக் கவனித்தவள் அவர் மனைவி காத்ரின் பிரிசொனே. சுழல் படிக்கட்டே வழக்கமாயிருந்த காலத்தில் நேர் படிக்கட்டு வைத்த, பிரான்ஸின் முதல் சில வீடுகளில் இது ஒன்று. சமையலறை ஆற்றுக்குள் இறங்கிய தூண்களுக்குள் இருக்கிறது. சாமான் படகிலேயே வந்து இறங்குமாம்! அரசர் இரண்டாம் ஹென்றியின் காதலி தியான் பாலம் கட்டினாள். அரசர் 1559-இல் இறந்ததும் பட்டத்தரசி காத்ரின் அவளை வெளியேற்றி, அந்தப் பாலத்தின் மேல் அறுபது மீட்டர் நீளத்தில் ஒரு கூடம் எழுப்பினாள். பின்னால் வந்த லூயிஸ் ராணி, கணவர் 1589-இல் கொலையுண்ட பிறகு வெள்ளை உடுத்தியே காலம் கழித்தாள். அங்கேயும் வெள்ளைதான்!

என் மனதில் நின்றது அந்தக் கூடம். முதல் உலக யுத்தத்தில், சாக்லேட் கம்பெனி நடத்திய மெனியே குடும்பத்தார் தங்கள் செலவில் அதை ஆஸ்பத்திரியாக்கினார்கள். சிமோன் மெனியே என்ற பெண்மணியின் நிர்வாகத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காயம்பட்ட வீரர்கள் அங்கே சிகிச்சை பெற்றார்கள். 1940-இல் ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்தபோது, இந்த ஷேர் நதி எல்லைக்கோடு ஆயிற்று. வடகரை அவர்கள் கையில், தென்கரையில் அவர்கள் இல்லை. கூடத்தின் தென்கோடிக் கதவு அக்கரையில் திறக்கும். எத்தனையோ பேர் அதன் வழியாகத் தப்பினார்கள்.

என் பெண் அந்தக் கதவருகே வெகுநேரம் நின்றாள். பிறகு வீட்டுக்கு ஃபோன் செய்தாள். "பால் குடிச்சுட்டுத் தூங்குறா. நீ மெதுவா வா" என்றார் மாப்பிள்ளை.

வெளியே வந்ததும், "வந்த வழியே போயிடலாமா?" என்று கேட்டேன். அதுதான் கிட்ட. அவள் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே, "இல்லேம்மா, சுத்தியே போகலாம்" என்றாள்.

நான் மறுபடி கேட்கவில்லை.

ஷிஸோவில் பாலம் கடந்து தென்கரை. பிராங்கேய் ஊர் நோக்கி ஒரு சின்ன ஏற்றம். பாட்டரி இருந்தும் எனக்கு மூச்சு வாங்கியது. அவள் முன்னே போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது போர் நினைவுக் கல்லருகே நின்றுகொண்டிருந்தாள். அந்த நாட்டில் கிராமத்துக்குக் கிராமம் இந்தக் கல் உண்டு. 1914 முதல் 1918 வரை மாண்டவர்களின் பெயர்கள். பிரான்ஸ் முழுவதும் சுமார் பதினான்கு லட்சம் பேர். பல ஊர்க் கற்களில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு, மூன்று முறை வரும். ஒரே வீட்டுப் பிள்ளைகளோ என்று பெற்ற வயிறு கலங்கும். இருவரும் பேசாமல் நின்றோம். பகல் மணி அடித்தது.

"வீட்டுக்குப் போகலாம்மா, பால் கட்டிண்டு வலிக்கிறது" என்றாள். இந்தத் தடவை அவள் குரலில் பயம் இல்லை, அவசரம் மட்டுமே இருந்தது.

அடுத்த வாரம் அவள் தனியாகப் போய் வந்தாள், சிவ்ரே வரை. அது போதும்.

நீங்கள் பிரான்ஸ் போக வேண்டாம். உங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போனால்கூடப் போதும். ஆனால் சில விஷயங்களை மறக்காதீர்கள்:

• பிரசவமாகிக் குறைந்தது ஆறு வாரம் கழித்து, டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகே சைக்கிள். சிசேரியன் ஆனவர்கள் இன்னும் பொறுக்க வேண்டியிருக்கும். உட்காரும்போது வலியோ, உதிரப்போக்கோ, சிறுநீர்க் கசிவோ இருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

• எடுத்து வைத்த தாய்ப்பால் வெளியே நாலு மணி நேரம் இருக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு ஃபிரிட்ஜே உத்தமம். அங்கே நாலு நாள் வரை தாங்கும். சூடுபடுத்த, புட்டியை வெந்நீரில் வையுங்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம்.

• பால் கொடுக்கிறவர்களுக்குத் தாகம் அதிகம். தண்ணீர் புட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

• பிரசவத்துக்குப் பிறகு முதல் சில நாள் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேலும் மனசு கனத்தால், அதை 'சோம்பல்' என்று வீட்டார் சொல்லவும் விடாதீர்கள், நீங்களும் சொல்லிக்கொள்ளாதீர்கள். அதற்கு மருத்துவம் இருக்கிறது.

கடைசியாக, பாட்டிமார்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை: குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். அரை நாள் போதும்.