மணிமாலையும் மனிதரும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பர் நம் பெரியோர். ஆடையும் அணியும் உடலை அழகு செய்ய மட்டும் தோன்றியவை அல்ல. ஓர் இனத்தாரின் வாழ்வையும் அவை எடுத்துச் சொல்லும். சீன நாட்டு மியாவ் இனப் பெண்கள் விழா நாள்களில் வெள்ளி முடியும் கனத்த கழுத்தணியும் பூண்டு வருவதைக் காண வெளிநாட்டார் திரண்டு செல்கின்றனர். நம் நீலகிரித் தோடர் இனப் பெண்கள், வெண்ணிறப் பருத்திப் போர்வையில், வரைபடம் ஏதுமின்றி இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கின்றனர். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தொலைவில் உள்ளவற்றை வியக்கும் நாம், அருகில் உள்ளதைக் காண்கிறோமா? நெம்மேலியிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் மாமல்லபுரம். அங்கே சிற்பங்களைக் காண வருவோரிடம் பாசிமணியும் ஊசிமணியும் விற்கும் நரிக்குறவரை அறியாதார் யார்? அருகே பூஞ்சேரியில் அவர்கள் குடியிருக்கின்றனர். அவர்களுடைய வாக்ரிபோலி மொழி குசராத்தி முதலிய வட இந்திய மொழிகளோடு உறவுடையது. வேட்டையே அவர்தம் பழந்தொழில். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைக்கு வழியில்லை. மணி கோத்து விற்பதே பலருக்குச் சோறிடும் தொழிலாயிற்று.

ஆனால் நடப்பது என்ன? பள்ளிகளில் மாறுவேடப் போட்டி என்றால் ஒரு சிறுமியாவது வண்ண மணிமாலைகளுடன் 'குறத்தி'யாக வருவாள். கைதட்டல் வானைப் பிளக்கும். குறவர் வேறு, நரிக்குறவர் வேறு என்பதுகூட அங்கே எவர் நினைவுக்கும் வருவதில்லை. அதே மாலையை அதற்குரியவர் அணிந்து பேருந்தில் ஏறினால், பக்கத்தில் அமர்வோர் எத்தனை பேர்?

2021இல் கோயில் அன்னதானப் பந்தியில் நரிக்குறவப் பெண் ஒருவருக்கு இடம் மறுக்கப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் முதலமைச்சர் பூஞ்சேரிக்கே வந்து, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கினார். 2022 டிசம்பரில் நரிக்குறவரைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் தன் கடமையைச் செய்தது. நம் கடமை?

"வேடம் புனைவதும் அவர்களைப் போற்றுவதுதானே?" எனச் சிலர் கேட்கலாம். போற்றுதல் என்றால் அரங்கில் ஏன் சிரிப்பொலி எழுகிறது? மேடையை விட்டு இறங்கியதும் சிறுமி மாலையைக் கழற்றிவிடுவாள். பிறப்பினால் ஒதுக்கப்படுவோர் எதைக் கழற்றி வைப்பர்?

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: மாறுவேடப் பட்டியலிலிருந்து 'குறத்தி'யை நீக்குவோம். மணி கோக்கும் பெண்களையே பள்ளிக்கு அழைத்து, உரிய ஊதியம் தந்து அக்கலையைக் கற்றுக்கொள்வோம். பெரிய கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, தெருவில் மணி விற்பவரிடம் மட்டும் பாதி விலைக்கு வாதாடுவது அறமன்று. அவர்தம் பிள்ளைகள் நம் வகுப்புக்கு வந்தால் நம் பெஞ்சிலேயே இடம் தருவோம். மணிமாலையைப் புகழுமுன், அதைக் கோத்த கைகளை மதிப்போம், தோழியரே!