பீரங்கிகள் மேல் பழி போடாதீர்கள்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஏன் சரணடைந்தது என்று கேட்டால் பலரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்து நின்றன, ஜப்பானியர் பின்வாசல் வழியாக வந்துவிட்டார்கள். இது பொய். சாங்கிப் பக்கம் இருந்த ஜொகூர் பேட்டரியின் 15 அங்குலப் பீரங்கிகள் வடக்கே திரும்பி நிலத்தை நோக்கிச் சுட்டன. குறை அவற்றின் குண்டுகளில் இருந்தது. கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கச் செய்த அந்தக் குண்டுகளால் பரவி வரும் காலாட்படையைத் தடுக்க முடியவில்லை. மேற்குப் பக்கப் புவோனா விஸ்டா பேட்டரியின் இரண்டு பீரங்கிகளைத் திருப்ப முடியவில்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் பிப்ரவரி 8 இரவு மலாயாவுக்கும் தீவுக்கும் இடையிலான நீரிணையை ஜப்பானியர் கடப்பதற்கு முன்பே மலாயா முழுவதும் பறிபோயிருந்தது. தீவின் பீரங்கிகள் எப்பக்கம் பார்த்திருந்தாலும் அதை மீட்டிருக்க முடியாது.

மலாயா பறிபோனதற்குத் திடீர்த் தாக்குதலைக் காரணம் காட்டுவதும் பொருந்தாது. எதிரி வடக்கே கரையிறங்கித் தீபகற்பத்தின் வழியாக இறங்கி வருவான் என்று 1937-இலேயே மலாயாத் தளபதி டாபி கணித்தார். அந்த ஆய்வில் உடனிருந்தவர் பெர்சிவல். பின்னாளில் சரணாகதியில் கையெழுத்திட்டவரும் அவரே. மலாயாவுக்கு 336 விமானங்கள் வேண்டும் என்று 1940-இல் லண்டனின் முப்படைத் தலைவர்களே ஒப்புக்கொண்டார்கள். 1941 டிசம்பர் 8 அன்று கோத்தபாருவில் ஜப்பானியர் இறங்கியபோது இருந்தவை சுமார் 160, அவற்றிலும் பல பழசு. பிரிட்டிஷ் தரப்பில் டாங்கி ஒன்றுகூட இல்லை. அதன் விலை 1942 ஜனவரி 7 அன்று சிலிம் ஆற்றில் தெரிந்தது. விடியும் முன்பே ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலையோடு வந்து, தடுப்புகளை உடைத்துக்கொண்டு, உறக்கத்திலும் அணிவகுப்பிலும் இருந்த படைகளின் நடுவே புகுந்தன. பாலத்துக்கு வைத்திருந்த வெடியின் கம்பியை ஒரு ஜப்பானிய அதிகாரி வாளால் வெட்டி எறிந்தார். சில மணி நேரத்தில் இரண்டு பிரிகேடுகள் சிதறிப்போயின.

ஹிட்லரோடு உயிர்ப்போராட்டத்தில் இருந்த பிரிட்டனிடம் கொடுக்க எதுவும் இல்லை என்று சிலர் வாதிடலாம். விமானத்துக்கும் டாங்கிக்கும் அந்த வாதத்தை ஏற்கிறேன். மண்ணுக்கும் முள்கம்பிக்கும் ஏற்க மாட்டேன். தீவின் வடகரையில் அரண் கட்ட வேண்டும் என்று தலைமைப் பொறியாளர் சிம்சன் டிசம்பர் மாதத்தில் மன்றாடினார். அப்படிக் கட்டினால் படைகளின், மக்களின் மனவுறுதி குலையும் என்று பெர்சிவல் மறுத்துவிட்டார். அந்த மறுப்பை மன்னிக்கவே முடியாது. ஜனவரியில்தான் சர்ச்சிலுக்கே வடகரை வெறுமையாகக் கிடப்பது தெரியவந்தது.

பீரங்கிக் கதை லண்டனிலும் சிங்கப்பூரிலும் முடிவெடுத்தவர்கள் அனைவரையும் தப்பவிடுகிறது. விலை கொடுத்தவர்களோ வேறு ஆட்கள். டிசம்பர் நடுவில் பினாங்கிலிருந்து ஐரோப்பியர்கள் இரவோடிரவாக ஏற்றிச் செல்லப்பட்டார்கள். குண்டுவீச்சில் சிக்கிய ஆசிய மக்கள் அங்கேயே விடப்பட்டார்கள். பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். பின்னர் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம் தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. இனி யாராவது அந்தக் கதையைச் சொன்னால், பீரங்கி எப்பக்கம் பார்த்தது என்பதை விடுங்கள். வடகரையில் அரண் கட்டவிடாதவர் யார் என்று கேளுங்கள்.