மரமும் அட்டவணையும்: தரவுத்தளத்தில் எக்ஸ்.எம்.எல். பெறவேண்டிய இடம்

தரவுகளை ஒழுங்குபடுத்தும் துறையிலே ஒரு சோம்பல் புதுமை என்னும் போர்வையைப் போர்த்து உலவுகின்றது. தொடர்புசார் தரவுத்தளத்தில் அட்டவணை ஒன்றை அமைத்து, அதன் ஒரு நிரலிலே எக்ஸ்.எம்.எல். ஆவணத்தை முழுமையாக இட்டுவிட்டால், அமைப்புப்பற்றிச் சிந்திக்கும் பொறுப்பு நீங்கிவிடும் என்பதே அச்சோம்பலின் கொள்கை. அமைப்பு நாளை மாறலாம், ஆகவே இன்று அமைப்பே வேண்டியதில்லை என்பர் அக்கொள்கையினர். இக்கூற்று ஏற்புடையதன்று என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றை முதலில் நோக்குவோம். 1960களின் பிற்பகுதியில், அப்பலோ விண்வெளித் திட்டத்தின் உதிரிப்பாகப் பட்டியலைப் பேணும் தேவையை ஒட்டி ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய ஐ.எம்.எஸ். முறைமை, தரவுகளை மர வடிவிலே படிநிலையாக அடுக்கியது. 1970இல் அதே நிறுவனத்தின் ஆய்வாளரான எட்கார் கொட் இத்தகைய அமைப்பின் அடிப்படைக் குறையைச் சுட்டினார். உதிரிப்பாகங்களும் செயற்றிட்டங்களும் பற்றிய ஒரே செய்தியை ஐந்து வேறு வடிவங்களில் அமைக்கலாம் என்றும், ஒரு வடிவத்தை நம்பி எழுதிய செய்நிரல் மற்றொரு வடிவத்தில் தோற்றுவிடும் என்றும் அவர் காட்டினார். வினவுவோன் தரவு உள்ளே கிடக்கும் விதத்தை அறியவேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபடவேண்டும் என்பதே அவரது கோட்பாட்டின் உயிர்நாடி. 1998இல் எக்ஸ்.எம்.எல். விதந்துரையாக வெளிவந்தபின், பழைய மரம் புதிய பெயருடன் மீண்டும் அட்டவணைக்குள் நடப்பட்டது.

இதனால் விளையும் கேடுகள் எவை? பல்கலைக்கழகமொன்றின் பரீட்சைப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். மாணவர் ஒருவருக்கு ஓர் ஆவணம், அதனுள் பாடங்கள், பாடங்களுள் புள்ளிகள். குறித்த மாணவரின் பெறுபேற்றை வினவுதல் எளிது. ஆயின் குறித்த பாடத்தைக் கற்றோர் யாவர் என வினவினால், தக்க சுட்டி முன்னரே அமைக்கப்படாவிடின், ஆவணம் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தல் வேண்டும். பாடத்தின் பெயர் மாறினால் ஆயிரம் ஆவணங்களைத் திருத்தவேண்டும். ஒன்று விடுபட்டாலும் பதிவேடு தன்னுடன் தானே முரண்படும். இல்லாத பாடக்குறியீடு ஒன்று ஆவணத்தினுள் புகுந்தால், அயற்சாவி விதி அதனை நேரடியாகத் தடுக்காது. எக்ஸ்.எம்.எல். வரைவுவிதி ஆவணத்தின் உள்ளே காவல் செய்யுமேயன்றி, அடுத்த அட்டவணையில் என்ன உள்ளதென அறியாது.

இதனினும் கொடியது மௌனம். எஸ்.கியூ.எல். வினவலில் நிரலின் பெயரைப் பிழையாக எழுதினால் தரவுத்தளம் உடனே பிழை என்று கூறும். வரைவுவிதி பிணைக்கப்படாத ஆவணத்தில் உறுப்பின் பெயரைப் பிழையாக எழுதினாலோ, பெயர்வெளியைக் குறிப்பிட மறந்தாலோ, வெறுமையே விடையாக வரும். பெறுபேறு இல்லை என்பதும் வினவல் பிழை என்பதும் ஒரே முகத்துடன் தோன்றும். அவ்வெறுமையை நம்பி ஒரு மாணவர் பரீட்சைக்குத் தோற்றவில்லை என முடிவுசெய்தால், பொறுப்பேற்பவர் யார்?

இன்னுமொன்று. போஸ்ற்கிரஸ் தரவுத்தளத்தில் எக்ஸ்.எம்.எல். வகைக்கு ஒப்பீட்டுக் குறிகளே இல்லை. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சேர்வரிலும் அந்நிரலை முதன்மைச் சாவியாக்கவோ வரிசைப்படுத்தவோ இயலாது. இஃது அம்முறைமைகளை ஆக்கியோரின் கவனக்குறைவன்று. பண்புகளின் வரிசை பொருளற்றது, உறுப்புகளின் வரிசை பொருளுடையது என்றிருக்கும் ஆவணங்கள் இரண்டு எப்போது சமம் என்ற வினாவுக்கு எல்லோர்க்கும் பொருந்தும் விடை இல்லை. சமம் எதுவெனச் சொல்லமுடியாத பொருளை அட்டவணையின் அச்சாணியாக்க விழைவது அறிவுடைமையாகாது.

அவ்வாறாயின் எக்ஸ்.எம்.எல்.லை விலக்கவேண்டுமா? அன்று. தொல்காப்பிய நூற்பாவும் அதன்கீழ் இளம்பூரணர் உரையும், உரையினிடையே மேற்கோளும், மேற்கோளிடையே பாடவேறுபாடும் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த நூலை நிரைகளாக நறுக்குதல் அதன் உயிரைப் போக்குவதாகும். அங்கே வரிசையே பொருள், மரமே இயல்பு. அத்தகைய நூலை எக்ஸ்.எம்.எல். நிரலில் வைத்து, நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு ஆகியவற்றைத் தனி நிரல்களில் வைத்தலே முறை. நிறுவனங்களிடையே தரவு பரிமாறவும் எக்ஸ்.எம்.எல். தக்க ஊடகமே. வந்த ஆவணத்தை நிரைகளாக விரிக்க எக்ஸ்.எம்.எல்.ரேபிள் என்னும் செயற்பாடு எஸ்.கியூ.எல். நியமத்திலேயே உண்டு. 1974இல் ரேமண்ட் பொய்சுடன் இணைந்து எஸ்.கியூ.எல்.லின் முதல் வடிவத்தை வகுத்த டொன் சேம்பர்லினே, பின்னர் எக்ஸ்.குவெரி மொழியின் உருவாக்கத்திலும் பங்குகொண்டார். இரண்டையும் பகைவராக்க வேண்டியதில்லை. இடமறிந்து வைத்தலே வேண்டுவது.

இன்று எக்ஸ்.எம்.எல்.லின் இடத்தை ஜேசன் பெரிதும் கைப்பற்றியுள்ளது. 2016ஆம் ஆண்டு எஸ்.கியூ.எல். நியமம் அதற்கும் வாயில் திறந்தது. பெயர் மாறினும் வாதம் மாறவில்லை. அமைப்பு வேண்டாம் என்போர் அமைப்பை ஒழித்தாரல்லர். அட்டவணையிலிருந்து எடுத்துத் தம் செய்நிரலுக்குள் ஒளித்தனர். அவர் அகன்றபின் அப்பாதையை அறிவார் எவருமிலர். தரவோ எழுதியவனுக்கு மட்டும் உரியதன்று. அவன் எண்ணியும் பாராத வினாவுடன் நாளை வருபவனுக்கும் உரியது. அவ்வினாவுக்கு வழிவிடாத தரவுத்தளம் வெறும் பரணேயன்றி வேறன்று.